ஓட்டைக் கை

எங்கள் குருபோங் ஊர்க் கால்பந்து அணிக்கு இந்த சீசனில் கடைசி இடம். காரணம் கோல்கீப்பர் குமரன்தான் என்று, ரசிகனான நான் ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் அணியின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். ‘ஓட்டைக் கை’ என்று அவனுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். அவன் ஒரு நாளும் பதில் போட்டதில்லை.

சீசன் முடிந்தால் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் உம்பாய் கடற்கரைக் கடைக்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிடுவது வழக்கம். இந்த முறை குமரன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

“அடுத்த சீசனுக்கு வேற கீப்பர் பாருங்க லா,” என்றேன், அவன் காதுபடவே.

அப்போதுதான் கவனித்தேன், குமரன் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“சோத்துக் கைக்கு என்னடா?”

மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினான். இரண்டு விரல்கள் வீங்கிக் கோணியிருந்தன.

“மூணாவது மேட்ச்லயே ஒடைஞ்சிருச்சுண்ணே. நான் வரலன்னா கோல்ல யாரு நிப்பா?”

அத்தனை ஆட்டங்களையும் பார்த்தவன் நான். அவன் விட்ட பந்துகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அடுத்த சீசனைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. முள் எடுத்த மீனை அவன் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தேன்.