கால்வாய்க் கதவைத் தள்ளும் துரை

இங்கிலாந்தில், கால்வாய் ஒன்று மேடேறும் இடத்தில் நிற்கிறேன். படகைத் தொட்டிக்குள் விட்டுக் கதவை மூடி, தண்ணீரை நிரப்பி மேலே தூக்குகிறார்கள். தொட்டி நிரம்பிவிட்டது. கதவில் பொருத்திய நீண்ட மரத்தில் முதுகைக் கொடுத்து ஒரு வெள்ளைக்காரர் தள்ளுகிறார். முகமெல்லாம் சிவந்து வியர்க்கிறது.

இலங்கையின் புளத்கொகுபிட்டியவிலிருந்து வீடியோ காலில் மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அவர்; மேனேஜரான பெரிய தொரையிடம் சம்பளம் பேசுவது அவர்தான்.

"தொரைக்கு என்ன சம்பளம்னு கேளு."

கேட்கிறேன். சம்பளமே இல்லையாம். லீவுக்கு வந்தவராம், அவரே காசு கட்டித்தான் படகை எடுத்தாராம்.

"காசும் கட்டி வேலையும் செய்றாரா?" மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். "வேலைய நிப்பாட்டச் சொல்லு. மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்கிறேன். மனிதர் கொஞ்சம் யோசிக்கிறார். பிறகு அந்த மரத்தின்மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறார். கதவு பாதியில் நிற்கிறது. பின்னால் இரண்டு படகுகள் காத்துக் கிடக்கின்றன. சுக்கானைப் பிடித்திருக்கும் அவர் மனைவி, மறு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்துகிறார்.

மாமா அவசரமாகச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொள்கிறார்.

"அந்தம்மாதான் பெரிய தொரையா? ஃபோன அவுங்ககிட்ட குடு."