கெட்டி ஆயில்

எங்கள் வீட்டில் சமையலுக்கு எந்த எண்ணெய் வாங்குவது என்று யாரும் சண்டை போட்டதில்லை. கடையில் எது கிடைத்ததோ அதில் அம்மா தாளித்துவிடுவாள். லாரிக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்பதில்தான் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஓயாத சண்டை. ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் தண்ணீர் எடுத்து நீட்டுவார்கள். அதனால் பதினைந்து-நாற்பது, இருபது-ஐம்பது என்ற ஆயில் நம்பர்கள் எங்கள் லைனில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தன.

சுரங்கத்தை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் அப்பா வாங்கிய லாரி அது. வாங்கும்போதே கிழம். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் ஒரு முழுச் சுற்று முடித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பியிருந்தது. பேத்தமங்களா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு கோலார் மார்க்கெட்டுக்குப் போகும். நாலைந்து வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஆயில் குடிக்க ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு டொக் டொக்.

சித்தப்பா ஆட்டோ ஓட்டியவர். ஊரில் உள்ள எல்லா வண்டிக்கும் வைத்தியம் சொல்வார்.

"தேஞ்சு போன எஞ்சின்ண்ணா. இருபது-அம்பது ஊத்து. கூடவே அந்த டப்பா மருந்து ஒண்ணு ஊத்து. கம்முனு ஓடும்."

"கம்முனு ஓடும். பேரிங் அப்டியேதான கீது? காலைல குளுர்ல அந்தக் கெட்டி ஆயில் மேல ஏர்றதுக்குள்ள உள்ள எல்லாம் காஞ்சு அரைக்கும். எப்ப உடையும்னே தெரியாது. சத்தம் கேக்கட்டும். கேட்டாத்தான் ஜாக்கிரதையா ஓட்டுவோம்."

அப்பா கடைசிவரை பதினைந்து-நாற்பதை விடவில்லை. தினமும் காலையில் அளவுக் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றுவார். மற்றவர்கள் ஆயில் மாற்றும் கெடுவில் பாதி வருவதற்குள் மாற்றிவிடுவார். எப்படியாவது எஞ்சினை இறக்கி பேரிங் மாற்றிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குள் அவருடைய நெஞ்சு படுத்துவிட்டது.

அது கல்தூசி நோய். பூமிக்கடியில் இருபது வருஷம் சுவாசித்தது மெதுவாக வேலையைக் காட்டியது. முதலில் லாரியில் ஏற முடியவில்லை, பிறகு வாசற்படி ஏற முடியவில்லை. கடைசியில் சன்னலோரக் கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடியே இருந்தார். வீட்டில் எப்போதும் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்க வேண்டும் என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா விடிகாலை ரயிலில் பெங்களூர் போய் ஆபீஸ் கூட்டித் துடைத்துச் சம்பாதிப்பது அரிசிக்கே சரியாக இருந்தது. லாரியை விற்றால் அப்பாவுக்கு மூச்சு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் எனக்கே தெரிந்திருந்தது.

வாங்க வந்தவர்கள் எல்லாம் ஸ்டார்ட் பண்ணச் சொல்வார்கள், டொக் டொக் கேட்பார்கள், காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். விலை கேட்கிற கட்டத்துக்குக்கூட யாரும் வரவில்லை. அப்பாவே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார், பேரிங் போயிருக்கிறது, வேலை வைக்கும் என்று. சித்தப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படி இருக்கும்போதுதான் பேத்தமங்களா பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொல்லியனுப்பினார். சொந்தத் தக்காளியைச் சொந்த வண்டியில் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை அவருக்கு.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா மாத்திரை போட்டுத் தூங்கும் நேரம் பார்த்து சித்தப்பா ஒரு கேனும் இரண்டு டப்பாவுமாக வந்தார். லாரி லைனுக்குப் பின்னால் மைதானத்தில் நின்றது. பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றினார். வெல்லப்பாகுபோல் மடிந்து மடிந்து இறங்கியது. எனக்குக் கொடுத்த வேலை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா விழித்துக்கொள்கிறாரா என்று பார்ப்பது.

"அப்பாகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா அந்த ஆளுகிட்டயே சொல்லிப்பூடுவாரு," என்றார் சித்தப்பா.

நான் சொல்லவில்லை. பெரியவர்கள் முதல் தடவையாக ஒரு பொய்யில் எனக்குப் பங்கு கொடுத்திருக்கிறார்கள், அதுவும் அப்பாவின் நன்மைக்காக. அன்று சாயங்காலம் முழுக்க ஒரே பெருமை. அப்பா தண்ணீர் கேட்டபோதுகூட அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் எங்கள் ஊருக்கே உரிய குளிர். அந்த அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். சித்தப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடிக்கவில்லை. பாரம் இழுக்கிற மாடுபோல முக்கி முக்கிச் சுற்றியது. பிறகு பிடித்துக்கொண்டது. டொக் டொக் இல்லை. புகையும் பேருக்குத்தான். அந்த அண்ணன் எஞ்சினைச் சுற்றி வந்தார், ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், புகைக்குழாயில் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார். மெக்கானிக் யாரையும் கூட்டி வரவில்லை.

"மெக்கானிக் எதுக்கு? மாமா கீறாரே," என்றார். "எங்கப்பா நந்திதுர்க் சுரங்கத்துல மாமா கேங்குலதான் வேலை செஞ்சாரு. மாமா கேட்டு சொல்லட்டும், போதும்."

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். விற்கிறவனிடமே பொருள் நல்லதா என்று கேட்பவன் எங்கே இருக்கிறான்? ஆனால் அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலையே அதுதான். வெடி வைத்த பிறகு முதலில் உள்ளே போகிறவர் அவர். மேல்பாறையைக் கம்பியால் தட்டிக் காது கொடுப்பார். கெட்டியான கல் கணீரென்று பேசும், விடுபட்ட கல் பொத்தென்று சொல்லும். அவர் "நல்லா கீது" என்று சொன்னால்தான் மற்றவர்கள் உள்ளே கால் வைப்பார்கள். அந்த வார்த்தையை நம்பி இந்த அண்ணனின் அப்பா தினமும் இறங்கி, தினமும் வீடு திரும்பியிருக்கிறார்.

அந்த அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா சிலிண்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். சித்தப்பா வாசலோடு நின்றுவிட்டார். அப்பா வழக்கம்போல் பேரிங் கதையை ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க சொல்லுங்க மாமா. எடுக்கலாமா?"

அப்பா சன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். "ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தபா ஸ்டார்ட் பண்ணச் சொல்லு," என்றார். சித்தப்பா போய் அப்படியே செய்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருமுறை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"நல்லா கீது," என்றார் அப்பா.

அந்த அண்ணன் குனிந்து அவர் காலைத் தொட்டார். லாரி மைதானத்தைத் தாண்டிப் போகும்போது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாவம், வண்டி போகிற துக்கம் என்று நினைத்தேன். பாறையே ஏமாற்ற முடியாத அப்பாவை நானும் சித்தப்பாவும் ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வாரம் சிலிண்டர் தடையில்லாமல் வந்தது. அப்பா உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

பிறகு ஒருநாள் மத்தியானம் சித்தப்பா வந்தார். ஆட்டோவை நிறுத்திய இடத்திலிருந்து வீட்டுக்கு வர வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அன்று விடியற்காலை கோலார் ரோட்டில், ஒரு வளைவில், லோடோடு லாரி நின்றுபோயிருக்கிறது. அந்த அண்ணன் இறங்கி, அடியில் ஆயில் ஒழுகுகிறதே என்று குனிந்து பார்த்திருக்கிறார். பின்னால் வந்த வேறொரு லாரி கவனிக்காமல் மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலையே இருக்கவில்லை, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

"பின்னாடி வந்தவன் தப்புதான்ண்ணா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க," என்றார் சித்தப்பா.

அப்பா ஒன்றுதான் கேட்டார். "வண்டி ஏன் நின்னுச்சு?"

சித்தப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "பேரிங் போயி, ராடு உடைஞ்சு எஞ்சினப் பொத்துக்கினு வெளிய வந்துச்சாம்."

அதன்பிறகு அப்பா மூக்கில் மாட்டிய குழாயை அடிக்கடி கழற்ற ஆரம்பித்தார். அம்மா அழுவாள், திட்டுவாள், மாட்டிவிடுவாள். அவள் ரயிலுக்குப் போனதும் அது தலையணைக்குக் கீழே போய்விடும். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பாவும் போய்விட்டார். வாங்கி வைத்த சிலிண்டர்களில் இரண்டு, திறக்காமலே திரும்பிப் போயின.

அதற்கு முன்னால், பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சாயங்காலம், அப்பா மீனைப்போல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். குழாய் கீழே கிடந்தது. அவர் வருத்தத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நல்லது என்று சொல்லி அனுப்பிய வண்டி ஆளைக் கொன்றுவிட்டது, தன் காது தப்பாகச் சொல்லிவிட்டது என்று மருகுகிறார். அவர் காதில் தப்பில்லை என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

கட்டிலில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க மேல தப்பில்லப்பா. சித்தப்பாதான் கெட்டி ஆயில் ஊத்துனாரு. நீங்க எழுந்துக்காம நான்தான் பாத்துக்கினேன். நீங்க உள்ள படுத்துனு இருந்தீங்க, உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அப்பா என்னை நெடுநேரம் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள இருந்தா இன்னாம்மா," என்றார். "மொதல் ஸ்டார்ட்டுலயே கேட்டுச்சு."

வண்டிச் சத்தம் கேட்டது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அது லைன் முழுக்கத்தானே கேட்டது. அவருக்கு விளங்கவில்லை என்று, ஆயில் மாற்றிய கதையை மறுபடி முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னேன். அவரும் முதல் தடவை கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டு கேட்டார். முடித்ததும் குழாயை எடுத்து அவர் மூக்கில் மாட்டினேன். நான் அறையை விட்டுப் போகும்வரை அவர் அதைக் கழற்றவில்லை. அப்பாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது, இனி நிம்மதியாக மூச்சு விடுவார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.