சூளைக்குப் போன களிமண் மனிதன்

எங்கள் அண்ணன் நல்லூரில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இறந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சேர்ந்து எங்களைப் படிக்க வைத்தார். கோபக்காரர், ஆனால் சாப்பிடுகிறவரைத் திட்டமாட்டார். தமக்கென்று அவர் வைத்துக்கொண்டது நாடகம் மட்டுமே.

நூலகத்தில் படித்த யூத நாட்டுப்புறக் கதை ஒன்றை அவர் நாடகமாக்கினார். தம் தெருவைக் காக்க ஒரு குரு களிமண்ணில் மனிதனைச் செய்து உயிரூட்டுகிறார். முடிவில் தண்ணீர் ஊற்ற அவன் மண்ணாகக் கரைகிறான்; தெருவாசிகள் வெறுங்கையோடு ஊரைவிட்டுப் போகிறார்கள். இது இங்கே யாருக்குப் புரியும் என்று அண்ணி கேட்டார்.

“பக்கத்துல மங்கலம்பேட்டையில வூட்டுக்கு ஒருத்தன் வெளிநாட்டுல இருக்கான். ஊரை வுட்டுப் போறது புரியாதா?” என்றார் அண்ணன்.

அப்போதே அவருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. மருத்துவர் மேடையே கூடாது என்றார். குருவாக இந்த ஒரு முறை நடித்துவிட்டு நிறுத்திக்கொள்வதாக அண்ணன் சொன்னார்.

கடைசிக் காட்சிக்கான பச்சை மண் சிலையை உடன் வேலை செய்த சலீம் செய்தார். அது காய்ந்ததும், பழக்கத்தில் மற்றச் சரக்கோடு சூளையில் அடுக்கிச் சுட்டுவிட்டார். சுட்ட மண் கரையாது. வேறு செய்து காயவைக்க நாளும் இல்லை.

“காஞ்ச மண்ணப் பாத்தா கை தானா சூளைக்குத் தூக்குது அண்ணே.”

அண்ணன் சுட்ட சிலையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, “கரையலன்னா என்னா பாய், தூக்கிக்கிட்டுப் போவட்டும்,” என்றார். வெறுங்கை என்று எழுதியிருந்த பாட்டை மாற்றினார்:

வாசலை விட்டோம், தெருவை விட்டோம்;
காவல் நின்றவனை எப்படி விடுவோம்?

நாடகத்தன்று தெருவாசிகளாக நடித்தவர்கள் சிலையைத் தோளில் ஏற்றினார்கள். குரு வாழ்த்திய பிறகே அவர்கள் புறப்பட வேண்டும். அண்ணனுக்கு மூச்சு இரைத்தது; குரல் எழவில்லை. அவர்கள் சுமையோடு காத்து நின்றார்கள். முன்னால் நின்ற சலீம், “அண்ணே, வெயிட்டு தாங்கல. போயிட்டு வரட்டுமா?” என்றார்.

அண்ணன் கையை மட்டும் அசைத்தார். அவர்கள் போனார்கள். கூட்டம் அதையும் நாடகம் என்றே நினைத்தது. கணவர் கத்தாரில் இருக்கும் ஒரு பெண் எங்கள் வரிசையில் அழுதுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் மேடை ஏறவில்லை. கடைசி மாதங்களில் பேச்சும் குறைந்தது; கேட்டதற்குத் தலையசைப்பார்.

ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிவந்த பட்டறை நண்பர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத பக்கத்து வீட்டாருக்கும், திட்டக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இப்போது குருவாக நடிக்கும் சலீமுக்கும் நன்றி. வாழ்த்து வசனம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். அந்த இடம் வந்ததும் அவர் அதைச் சொல்வதில்லை. கையை மட்டும் அசைக்கிறார்.