கத்தாரில் மலிவு, சீனாவில் அதைவிட மலிவு

கார் விற்கவில்லை. கல்முனையில் கார் விற்கிற தொழில் எனக்கு. முன்பு வருகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள், இப்போது போனைத் தட்டிப் பார்க்கிறார்கள். கடையில் நின்று சாமான் விற்றவர்களுக்கு என் எரிச்சல் விளங்கும்.

சம்மாந்துறை வயலை விற்று எடுத்த சின்ன எலெக்ட்ரிக் கார் அது. இருப்பதிலேயே மலிவானது. விற்றுப் போனால் அடுத்தது எடுக்கலாம். போகாவிட்டால் கடைக்குப் பூட்டு. இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காரைச் சுற்றிச் சுற்றியே நடந்தேன்.

இடப்பக்கக் கதவு

சாய்ந்தமருதுத் தம்பி ஒருவர், கத்தாரில் டிரைவர், லீவில் வந்தவர். வந்த வேகத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக் கையை நீட்டினார். ஸ்டியரிங் இல்லை. அங்கே அந்தப் பக்கம்தான் இருக்குமாம். இறங்கி வந்து விலை கேட்டார். சொன்னேன். போனை என் மூக்குக்கு நேரே பிடித்தார். இதே கார், கத்தார் விலை, பாதிக்கும் குறைவு. அங்கே வரி கொஞ்சம், இங்கே காரின் விலையளவுக்கு வரி விழுகிறது என்றேன். எங்கள் பக்கம் அண்ணன்மாரைக் காக்கா என்பார்கள், அவரும் அப்படியே கேட்டார்.

“அப்ப என்னத்துக்கு காக்கா இஞ்ச கிடந்து மாயுறீங்க? கடையத் தூக்கிட்டு அங்க வாங்களன்.”

பாதிக் கார்

மருதமுனையிலிருந்து ஒரு கணக்கு சேர், பள்ளிக்கூட வாத்தியார். சீன விலையைப் பார்த்துவிட்டு வந்தவர். அந்தக் காசுக்கு இங்கே புது த்ரீவீலர்கூட வராதாம். கப்பல் கூலி, சுங்கம், அதற்கு மேலே இன்னும் வரி என்று வாய் வலிக்கச் சொன்னேன். அவர் குனிந்து காருக்கு அடியிலும் பார்த்தார்.

“எந்தப் பாதி கார், எந்தப் பாதி வரி எண்டு காட்டுங்க ஹாஜியார். கார்ப் பாதிய மட்டும் நான் எடுக்கிறன்.”

மாப்பிள்ளைக் கார்

நிந்தவூர் அரிசி வியாபாரி ஒருவர். மாப்பிள்ளை வீட்டார் மகளுக்குச் சீதனமாக எழுதுகிற வீட்டோடு காரும் கேட்டார்களாம். விலை பொருந்தியது. நெஞ்சு கொஞ்சம் ஆறியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று கேட்டேன். கத்தார் என்றார். பிறகு அங்கே இது என்ன விலை என்று அவர் கேட்டார். பொய் சொல்ல வரவில்லை.

“அப்ப அவர் அங்கயே வாங்கி அங்கயே ஓடட்டும். இஞ்ச இத ஆரு ஓடுற?”

ஓடுகிற இடம்

பிறகு இறக்காமத்திலிருந்து, பிரசவம் பார்க்கிற மருத்துவமாது ஒருவர் வந்தார். பெற்றோல் கிடைக்காமல் ஊரே வரிசையில் நின்ற காலத்தில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டே கர்ப்பிணிகளைப் பார்க்கப் போனவர். வீட்டுப் பிளக்கில் சார்ஜ் ஏறுமா என்றார். ஓம் என்றேன். வயல் ரோட்டில் போகுமா என்றார். வெள்ளம் நிற்காவிட்டால் போகும் என்றேன். ஓட்டிப் பார்த்தார், எடுக்கிறேன் என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. “மகள், கத்தார்ல இது பாதி விலை. பிறகு வந்து சண்டை பிடிக்கக்கூடா” என்றேன்.

“இரிக்கட்டும் காக்கா. என்ட கையில புள்ளப் பெறுறவங்க எல்லாம் இறக்காமத்திலதானே இரிக்காங்க.”

நாடு நாடாக விலை பார்த்தவர்கள் மூட வைக்கவிருந்த கடையை, ஒரு வயல் ரோட்டை மட்டும் யோசித்துத் திறந்து வைத்தவர் இறக்காமத்து மருத்துவமாது பரீதா.