ஸ்டேடியத்தை அளந்த காலை

எங்கள் ஊரில் ஒரு ஸ்டேடியம் இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். திருத்தணியில் இறங்குகிறவர்களின் கண் நேராக மலைக்குத்தான் போகும். கே.ஜி.கண்டிகை போகும் சாலையில் ஒரு திடல் இருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆனால் ஆட்டோக்காரரிடம் ஸ்டேடியம் என்றால் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விடுவார். ஒரு பக்கம் மட்டும் கருங்கல்லை அடுக்கி நாலு படி கட்டியிருந்தோம். அதற்குத்தான் அந்தப் பட்டம்.

முதலில் அது கால்பந்துக்கு மட்டுமான இடம். முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, ஒரு கோடை முழுக்க உழைத்துச் சமன் செய்தோம். நான் கோல்கீப்பர். என் குணத்துக்கு ஏற்ற வேலை. எதிராளி இடது பக்கம் பார்த்தால் வலது பக்கம்தான் அடிக்கப் போகிறான் என்று நினைப்பேன். சொந்த அணிக்காரன் பந்தை எனக்குத் தள்ளினால்கூட ஏன் தள்ளுகிறான் என்று யோசிப்பேன். பால் பாக்கெட்டின் தேதியை நான் இரண்டு தடவை படிப்பதைப் பார்த்து என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் அணியில் வலது ஓரம் ஓடியவர் ஒரு பைக் மெக்கானிக். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் வயதுதான் அவருக்கும். முழங்கால் போனபிறகு ஆட்டத்தை விட்டுவிட்டு, திடலைச் சுற்றி மண்பாதை போட்டு பைக் பந்தயம் ஆரம்பித்தார். நடுவில் பந்து, சுற்றிலும் வண்டி. பந்தய நாளில் புழுதி அடங்கத் தண்ணீர் லாரி வந்து நனைக்கும். பொதட்டூர்பேட்டையிலிருந்து தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறி வருவார்கள். மைக்கில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஒரு வண்டியும் புறப்படாது. ஹெல்மெட்டை மறந்து வருகிறவர்கள் உண்டு, பழத்தை யாரும் மறந்ததில்லை. மறந்தால் கொடுப்பதற்கென்று பாயே ஒரு பை பழம் வாங்கி வைத்திருப்பார்.

எங்கள் ஆட்டத்துக்கு வராத கூட்டமெல்லாம் அதற்கு வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் மண்பாதை ஒரு சாண் உள்ளே வந்துவிட்டதாகத் தோன்றும். அடி வைத்து அளப்பேன். சில நாள் எங்கள் திடல் குறைந்திருக்கும், சில நாள் கூடியிருக்கும். கூடிய நாட்களை நான் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வரும்போது திடல் பஸ் நிறுத்தமாகிவிடும். அதற்கு முன்பே கோல் கம்பங்களைப் பிடுங்கி பாய் பட்டறையில் போட்டுவைத்து, திருவிழா முடிந்ததும் திரும்ப நடுவது வழக்கம். அந்த வருடம் திருவிழா முடிந்தும் கம்பங்கள் வரவில்லை. பாயிடம் கேட்டேன்.

"இருபா, கொஞ்சம் வேல கீது. அப்புறம் நடலாம்."

என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவனுக்குக் கேட்கிற பழக்கம் கிடையாது.

அடுத்த வாரம், விடிந்தும் விடியாததுமாக ஓடுவதற்குப் போனேன். திடலில் ஆந்திரா நம்பர் போட்ட கார் நின்றது. இரண்டு பேர் காகிதத்தில் எதையோ வரைந்துகொண்டிருந்தார்கள். பாய் நீல டேப்போடு எங்கள் கோல் இருந்த இடத்தில் குனிந்து அளந்துகொண்டிருந்தார். நான் கல்படிக்குப் பின்னால் ஒதுங்கினேன். போச்சு, கைமாற்றிவிட்டான் என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே தாலுகா ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். அரசுப் புறம்போக்கில் அனுமதியில்லாமல் பந்தயம் நடக்கிறது, வெளி மாநிலத்தாருக்கு இடம் போகப்போகிறது, இன்ன கிழமை, இத்தனை மணிக்கு, நீல டேப்பால் அளந்தார்கள். விவரம் இருந்தால்தானே நம்புவார்கள்? கீழே 'பொதுநலம் விரும்பி' என்று போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

நம்பினார்கள். அதிகாரிகள் வந்து அளந்தார்கள். அனுமதியில்லாமல் அங்கே நடந்தது பந்தயம் மட்டுமா? எங்கள் கால்பந்தும்தான். என் மரமண்டைக்கு அது உறைக்கவே இல்லை. சுற்றிலும் கம்பி வேலி போட்டு, உள்ளே நுழையக் கூடாது என்று பலகை வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு பாயே எல்லோரிடமும் சொன்னார். காரில் வந்த இருவரும் நகரிப் பக்கம் பந்தயப் பாதை போட்டவர்களாம். மண்பாதையை வெளியே தள்ளி, கால்பந்துத் திடலை முழு அளவுக்குப் பெரிதாக்க வழி சொல்ல வந்தார்களாம். கோல் கம்பங்களைப் பட்டறையில் பார்த்தேன். துருவைச் சுரண்டி, அடியில் புதுக்கால் வெல்டிங் வைத்து, வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அதன்பிறகு இரண்டு வருடம் அவரையே சந்தேகப்பட்டேன். தெரியுமா, தெரியாதா? என் ஸ்கூட்டரை எப்போதும்போல அவர்தான் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தால் ஏன் கொடுக்கிறார்? கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை? போன மாதம் சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்தவன், பட்டறை வாசலிலேயே இரண்டு தடவை ப்ரேக்கைப் பிடித்துப் பார்த்தேன்.

"இன்னாபா, ப்ரேக்க அறுத்து உட்டுட்டேன்னு பாக்குறியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைத் துணியில் துடைத்தபடி அருகில் வந்தார்.

"தாலுகா ஆபீஸ்ல அந்த லெட்டர எங்கிட்ட காட்னாங்க. அந்நேரத்துக்கு அங்க ஓட வர்றது நீ ஒருத்தன்தான்."

"அப்பவே ஏன் பாய் கேக்கல?"

"நான் கேக்கறதா? நீ படிக்குப் பின்னால நின்னுகினு இருந்தத பாத்தேன். வருவ, இன்னா பாய் பண்றன்னு கேப்பன்னு அளக்கறத நிறுத்திட்டு ரொம்ப நேரம் நின்னேன். நீ வரல."

சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் காலையில் அவர் எனக்காகக் காத்து நின்றார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.