துரை கண்ட மலையூரும் என் வீட்டுக் கூரையும்

எங்கள் ஆபீஸ் துரை லீவில் சீமைக்குப் போய்த் திரும்பும் வழியில் இத்தாலியில் ஒரு மலையூரைப் பார்த்தார். பார்த்தவர் சும்மா வந்திருக்கலாம். ஒரு பெட்டி கண்ணாடிப் படங்களும் அவற்றைத் திரையில் காட்டும் மாயவிளக்கும் கொண்டுவந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளிகளுக்குச் சரித்திர ஞானம் புகட்டுவதென்று தீர்மானித்துவிட்டார். மொழிபெயர்க்க, ஆபீஸில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியான நான் அகப்பட்டேன்.

எனக்கோ வேறு கவலை. எனக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் கூரை நாலு இடத்தில் ஒழுகியது. அடுத்த மாதம் என் மனைவி, நான் இன்னும் முகம் பாராத கைக்குழந்தையோடு கப்பலில் வருகிறாள். எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் ஓடு மாற்றக் கேட்டு நான் எழுதிய மனு துரையின் மேஜையில் கிடந்தது.

ஞாயிறு மாலை, ஜன்னல்களைச் சாக்கால் மறைத்த கொட்டகையில் துரை படம் காட்டினார். கோட்டை வாசல் வந்தது. மதில் வந்தது. யாரோ பிரபு பக்கத்து வீட்டுப் பிரபுவைவிட உயரமாகக் கட்டிய கோபுரம் வந்தது. பிறகு தேவாலயத்தில் ஒரு புனிதரின் விரலெலும்பு. முன்வரிசை முழுதும் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து, பாசி பிடித்த பழைய ஓட்டு வீடுகள். பட்டறைச் சம்மட்டிக்காரர் எழுந்தார்.

"கிராணி ஐயா, அந்த ஊர்லயும் கூரை ஒழுகுமான்னு தொரைகிட்ட கேளுங்க. நம்ம வீட்டுல பாய் விரிக்க எடமில்ல. ஒங்க வீட்டையும் சேத்துச் சொல்லுங்க."

கொட்டகையே சிரித்தது. என்ன சொல்கிறான் என்றார் துரை.

மனுஷன் நல்ல மனநிலையில் இருக்கிறார், கெடுப்பானேன், நாளைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். கசப்பாக உள்ளே போவதை இனிப்பாக வெளியே விடுவதில் என் நாக்குக்கு நல்ல பழக்கம். "பழைய வீடுகளின் அழகில் சொக்கிப்போனாராம், சார். எங்கள் வீடுகளும் இப்படியே பழமை மாறாமல் இருக்கவேண்டுமாம்" என்றேன், கொட்டகையில் மற்ற யாருக்கும் புரியாத இங்கிலீஷில்.

மறுநாள் மனு திரும்பி வந்தது. பழமையை இவ்வளவு போற்றுகிறவர்களின் வீடுகளில் கைவைக்க மனமில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் நேற்றுச் சொன்னது பொய் என்றாகும். மனுவை ஃபைலில் செருகினேன்.

மனைவி வந்தாள். முதல் மழையில் குழந்தையின் சேலைத் தொட்டிலான ஏணையை மூன்று இடம் மாற்றிக் கட்டினாள்.

"இஞ்சாருங்கோ, துரையிட்ட ஒருக்கா வாய் திறந்து சொல்லக்கூடாதே?"

மறுநாள் காலை சம்மட்டிக்காரர் ஏணியும் தார்வாளியுமாக வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. பச்சைப் பிள்ளை இருக்கும் வீடு என்று அவரே கூரையில் ஏறினார். 

"நீங்க அம்புட்டுப் பேர் முன்னால எடுத்துச் சொல்லியும் தொரை அசையல பாருங்க ஐயா" என்றார் மேலிருந்து.

உள்ளே ஏணையருகே என் மனைவி அதைக் கேட்டு, முதல்முறையாக என்னைப் பெருமையோடு பார்த்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.