வாழவந்தி நாட்டுக்குத் தனிக் கிளை

சிக்குன்குனியா வந்து ஊர் முழுக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டிய ஆண்டு அது. வைரஸ் எப்படி உருமாறுகிறது என்பதைக் கணினியில் கண்டுபிடிக்கும் வித்தையைப் பன்னிரண்டு விஞ்ஞானிகளுக்குக் கற்பிக்க என்னைக் கொல்லிமலைக்கு அனுப்பினார்கள்; வகுப்பும் தங்கலும் ஒரே பங்களாவில். மலைப்பாதை வளைவுகளுக்கும் என் வயிற்றுக்கும் ஆகவில்லை. பன்னிரண்டு பேருக்கும் எனக்கும் இரண்டாம் நாளே ஆகாமல் போயிற்று.

மூன்றாம் நாள் காலை, வாழவந்தி நாடு என்ற மலையூரில் எடுத்த ரத்தத்திலிருந்து படித்த வைரஸின் மரபு வரிசையை மற்ற ஊர்களுடையதோடு சேர்த்து வம்ச மரம் வரைந்து காட்டினேன். மற்றதெல்லாம் ஒரே கொத்தாக நின்றது. வாழவந்தி நாடு மட்டும் தனியாக, நீளமாக ஒரு கிளை விட்டிருந்தது.

"புது வகை," என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வரலாறு படைக்கும்போது எதையாவது துடைக்க வேண்டும் என்று எனக்கொரு நம்பிக்கை.

அந்த ரத்தத்தை எடுத்து அனுப்பிய மலைக்காரச் சுகாதார ஆய்வாளர் வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்க, நாளைக்குச் சந்தை. கீழிருந்து யாவாரிங்க வரலாமா வேண்டாமான்னு மதியத்துக்குள்ள மேலிடத்துக்குச் சொல்லோணும். பலா பழுத்துக் கெடக்குது, ஒரு வாரம் தாங்காதுங்க. நெசமாலுமே புதுசுதானுங்களா?"

"சந்தேகமே இல்லை. வராமலிருப்பதே நல்லது."

சேலத்திலிருந்து வந்திருந்த பெண் விஞ்ஞானி கையைத் தூக்கினார். "கொசு பரப்புற நோய்க்குச் சந்தை என்ன சார் பண்ணுச்சு?"

கேள்வி நியாயமானது. ஆகவே கோபம் வந்தது.

"அதோட, அந்த வாழவந்தி வரிசை மட்டும் பின்முனையிலிருந்து படிச்சதா இருக்குமோ? திருப்பிப் போட்டுத்தானே சேர்க்கணும்?"

"அதை முதல் நாளே நடத்தியவன் நான். எனக்கே பாடமா?"

"நடத்தினவர் செஞ்சாரான்னுதான் கேட்டேன் சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பின்வரிசையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆய்வாளர் போன் செய்யப் போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, யாரும் இல்லாதபோது, வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிட வேலை. நீளக் கிளை மாயமாகி, வாழவந்தி நாடு கொத்துக்குள் போய் ஒண்டிக்கொண்டது. புதுசும் இல்லை, மண்ணும் இல்லை.

ஆய்வாளரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடிவாரத்துல, காளப்பநாயக்கன்பட்டியோடவே லாரியெல்லாம் திரும்பிப் போயாச்சுங்க."

"மறுபடி போன் செய்து இல்லையென்று சொல்லுங்களேன்."

"சீக்குன்னு சொல்ல ஒரு போன் போதுமுங்க. சீக்கு இல்லீன்னு சொன்னா எவன் நம்புவான்? நாளைக்கு நீங்களே சந்தையில வந்து நின்னு சொல்லுங்க."

நின்றேன். வாங்க ஒருவர்கூட வரவில்லை. குவியல் குவியலாகப் பலா, அதன்மேல் ஈ. முன்முனை, பின்முனை என்று கையை ஆட்டி விளக்கினேன். பழத்தின்மேல் கை வைத்தபடி ஒரு விவசாயி அம்மாள் கேட்டார்.

"அப்போ எங்க ரத்தத்துல புதுசா ஒண்ணுமில்லீங்களா?"

"இல்லையம்மா. தப்பு என்னுடையது."

"ஒத்துக்கிட்டீங்க, சந்தோசம். இத்தன பழத்தையும் உங்க பங்களாவுக்கே அனுப்பறோம். படிச்சவங்க பன்னெண்டு பேரும் நீங்களும் தின்னு தீருங்க சாமி."

சந்தையே சிரித்தது. மறுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் ஆய்வாளர் முதல் பழத்தைத் தூக்கி என் தோளில் ஏற்றிவிட்டார். முள் சட்டையைத் தாண்டிக் குத்தியது.